சிறைக்குள் கூடிய நீதிமன்றம்: கர்னல் தாஹிரைத் தூக்கிலிட்ட விசாரணை

1976 ஜூலை 21, அதிகாலை நான்கு மணி. டாக்கா மத்திய சிறையில், ஒரு காலை இழந்திருந்த 37 வயது மனிதர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். பெயர் லெப்டினன்ட் கர்னல் அபூ தாஹிர். அந்தக் காலை அவர் இழந்தது 1971 நவம்பர் 14 அன்று, கமால்பூர் என்ற எல்லை ஊரில், வங்கதேச விடுதலைக்கான போரில். அதற்காக அந்நாடு அவருக்கு ‘பீர் உத்தம்’ என்ற வீரப் பதக்கத்தை வழங்கியிருந்தது. அதே நாடு ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் அவர் கழுத்தில் கயிற்றை மாட்டியது. தீர்ப்பு சொன்னது ஜூலை 17-ல். நான்கே நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

சரியாக 35 ஆண்டுகள் ஆகவிருந்த நிலையில், 2011 மார்ச் 22 அன்று, அதே டாக்காவில் உள்ள உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, அது விசாரணையே அல்ல, திட்டமிட்டுச் செய்த கொலை என்று தீர்ப்பளித்தது.

முஸ்லிம் நாடுகளிலிருந்து ‘ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தவர்களுக்கு மரண தண்டனை’ என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரி. படித்துவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். சதி செய்தார்களாம், இராணுவம் விசாரித்ததாம், தூக்கில் போட்டார்களாம். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த நான்கு வரிக்குள் என்னென்ன மறைந்திருக்க முடியும் என்பதை இந்த ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். உலகில் இப்படிப்பட்ட இரகசிய விசாரணைகளில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. தாஹிர் வழக்கு மட்டும் திரும்பத் தோண்டப்பட்டதால், உள்ளே நடந்தது ஓரளவு வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

யார் இந்த தாஹிர்?

1971-ல் போர் தொடங்கியபோது தாஹிர் பாகிஸ்தான் இராணுவத்தில் அதிகாரியாக மேற்கு பாகிஸ்தானில் இருந்தார். அந்த ஜூலை மாதம், அங்கிருந்த வேறு சில வங்காளி அதிகாரிகளுடன் எல்லையைக் கடந்து இந்தியா வந்து, விடுதலைப் படையில் சேர்ந்தார். அவருடன் எல்லை தாண்டியவர்களில் ஒருவர் மன்சூர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வரும்.

தாஹிர் 11-ஆம் பிரிவின் தளபதியாகப் போரிட்டார். போருக்குப் பிறகு, சாதாரண சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடையே எஜமான்–வேலைக்காரன் உறவு இருக்கக் கூடாது, இராணுவம் மக்களோடு சேர்ந்து உற்பத்தியில் ஈடுபட வேண்டும் என்றெல்லாம் பேசினார். மேலிடத்துடன் ஒத்துப்போகாமல் படையை விட்டு விலகி, ‘ஜாசத்’ என்ற இடதுசாரிக் கட்சியின் பக்கம் சேர்ந்தார்.

1975 வங்கதேசத்துக்கு இரத்த ஆண்டு. ஆகஸ்ட் 15 அன்று ஷேக் முஜீபுர் ரஹ்மானும் அவர் குடும்பத்தினரும் இராணுவ அதிகாரிகள் சிலரால் கொல்லப்பட்டனர். நவம்பர் 3-ல் காலித் முஷர்ரஃப் என்ற தளபதி அந்த அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார். இராணுவத் தளபதி ஜியாவுர் ரஹ்மான் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அந்த நாளின் இருட்டிலேயே டாக்கா சிறைக்குள் நான்கு தேசியத் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 7-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து ஜியாவை விடுவித்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பின்னால் இருந்தவர் தாஹிர். அதாவது வீட்டுச் சிறையில் இருந்த ஜியாவுக்குக் கதவைத் திறந்து விட்டவர்களின் தலைவர் அவர்தான்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 24-ல், தாஹிர் கைது செய்யப்பட்டார். அதிகாரம் அப்போது ஜியாவின் கையில் இருந்தது.

சிப்பாய்களின் கோரிக்கைகளை ஜியா ஏற்பார் என்று தாஹிர் நம்பியிருந்தார். ஜியாவோ கலைந்துபோன இராணுவக் கட்டுப்பாட்டை மீட்க வேண்டும் என்று நினைத்தார். யார் யாரை ஏமாற்றினார் என்பது வங்கதேசத்தில் இன்றும் முடியாத வாக்குவாதம். அதற்குள் நாம் போகப் போவதில்லை. நம் கேள்வி, அடுத்து நடந்த விசாரணையைப் பற்றியது.

சட்டம், நீதிபதி, இடம்

1976 ஜூன் 14 அன்று இராணுவச் சட்ட ஒழுங்குவிதி ஒன்று பிறப்பிக்கப்பட்டு, ‘சிறப்பு இராணுவச் சட்டத் தீர்ப்பாயம் எண் 1’ அமைக்கப்பட்டது. ஒரே வாரம். ஜூன் 21-ல் விசாரணை தொடங்கிவிட்டது. இடம் டாக்கா மத்திய சிறையின் உள்ளேயே. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 30-க்கும் மேல். தாஹிரின் உடன்பிறந்தவர்களும் அதில் உண்டு. சிறையைச் சுற்றி ஆயுதக் காவல். பத்திரிகையாளருக்கும் உறவினருக்கும் அனுமதி இல்லை.

தீர்ப்பாயத்தில் ஐந்து பேர். தலைவர் கர்னல் யூசுஃப் ஹைதர். அவருடன் விமானப் படையிலிருந்து ஒருவர், கடற்படையிலிருந்து ஒருவர், மாஜிஸ்திரேட்டுகள் இருவர். தலைவரான கர்னல், 1971 விடுதலைப் போரில் பங்கெடுக்காதவர். போர் முனையில் காலை இழந்தவரை, அந்தப் போரில் சேராதவர் விசாரித்தார் என்பது வங்கதேசத்தில் இன்றும் ஆறாத காயமாகப் பேசப்படுகிறது. சட்டப்படி பார்த்தால் இது முக்கியக் குறை அல்ல. முக்கியக் குறைகள் வேறு.

விசாரணை முழுவதும் இரகசியம். உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் வழக்கறிஞருக்கும் சிறைத் தண்டனை. தீர்ப்பை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏழு மாதம் காவலில் இருந்தும், வழக்கறிஞரைப் பார்க்க முடிந்தது வழக்கு தொடங்கும் நேரத்தில்தான். ‘எதற்கு எதிராக வாதாட வேண்டும் என்றே இன்னும் தெரியவில்லை’ என்ற நிலையில் நின்ற வழக்கறிஞர்களுக்குத் தயாராகக் கொடுக்கப்பட்ட அவகாசம் சுமார் ஒரு வாரம். முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரும் வாழ்வும் தொங்கும் ஒரு வழக்குக்கு ஒரு வாரம்! நம் ஊரில் ஒரு பட்டா பெயர் மாற்றத்துக்கே அது போதாது.

இராணுவ நீதிமன்றம் என்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. பல நாடுகளில் அது உண்டு. கட்டளையை மீறிய சிப்பாய், பணியிடத்தை விட்டு ஓடியவர், படைப் பொருளைத் திருடியவர் ஆகியோரை விசாரிக்க அது ஏற்பட்டது. அங்கே நீதிபதியாக அமரும் அதிகாரிக்கும் குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய்க்கும் சொந்தப் பகை இருப்பதில்லை. ஆட்சிக் கவிழ்ப்பு வழக்கு அப்படிப்பட்டதல்ல. அங்கே பாதிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொள்பவரே ஆட்சியில் இருப்பவர். கைது செய்வது அவருடைய ஆட்கள். குற்றப்பத்திரிகை எழுதுவதும் அவர்களே. நீதிபதியாக அமர்பவரின் பதவி உயர்வு அவர் கையில். தண்டனையை உறுதி செய்வதும் அவரது அரசாங்கம். மஹல்லா ஜமாஅத்தில் ஒரு வரப்புத் தகராறு வந்தால்கூட, தகராறில் உள்ளவரே முத்தவல்லியாக இருந்தால் அன்றைக்கு அவரை ஒதுங்கி உட்காரச் சொல்கிறோம். ஒரு மனிதனின் உயிர் விஷயத்தில் இங்கே யாரும் ஒதுங்கி உட்காரவில்லை.

தண்டனை முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதற்கும் ஒரு சாட்சியம் உண்டு. பிற்காலத்தில் ஜியாவின் கட்சியில் அமைச்சராக இருந்த மௌதூத் அஹ்மத் தம் நூலில், தாஹிரின் தண்டனை பற்றி ஜியா 46 அதிகாரிகளைக் கூட்டிக் கலந்துபேசினார் என்றும், அனைவரும் தூக்குத்தான் என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எழுதியவர் எதிர்க் கட்சிக்காரர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தாஹிருக்கு ஆயுள் தரலாமா, தூக்கு தரலாமா என்று பேச இந்த 46 பேருக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது? அவர்கள் ஒரு சாட்சியைக்கூடக் கேட்டதில்லை.

எந்த அரசாங்கத்துக்கு எதிராக?

தாஹிர் மீது சாட்டப்பட்ட குற்றம், அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தது, இராணுவத்தில் கலகத்தைத் தூண்டியது. அவர் தரப்பு எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நவம்பர் 7-ன் கிளர்ச்சிதான் குற்றம் என்றால், அந்தக் கிளர்ச்சியின் தோளில் ஏறித்தானே ஜியா அதிகாரத்துக்கு வந்தார்? ஜியாவின் ஆட்சியில் நவம்பர் 7 ‘தேசியப் புரட்சி, ஒற்றுமை நாள்’ என்று கொண்டாடப்பட்டது. கிளர்ச்சி நடந்த நாளுக்கு விழா. கிளர்ச்சியை நடத்தியவருக்குத் தூக்கு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சாட்டப்பட்ட குற்றத்துக்கு அன்றைய சட்டத்தில் மரண தண்டனையே கிடையாது. தாஹிரைத் தூக்கிலிட்டு பத்து நாள் கழித்து, ஜூலை 31-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு மரண தண்டனை சேர்க்கப்பட்டது. முதலில் அடக்கம், பிறகு சட்டம். 2011-ல் உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தவற்றில் இதுவும் ஒன்று.

தீர்ப்பு வந்ததும் வழக்கறிஞர்கள் ஓடியது அதிபர் ஸாயிமிடம். அபூ ஸாதத் முஹம்மது ஸாயிம் இராணுவத்தவர் அல்ல. நாட்டின் முதல் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் நீதிபதியாக இருந்த காலத்தில் பூர்ண சந்திர மண்டல் என்பவரின் வழக்கு அவர் முன் வந்தது. கொலைக் குற்றத்தில் மரண தண்டனை பெற்றிருந்த ஏழை மனிதர். அவருக்கு வழக்கறிஞரை நியமித்ததே விசாரணை நாளன்றுதான். தயாராக நேரம் கொடுக்காத விசாரணை விசாரணையாகாது என்று சொல்லி அந்தத் தண்டனையை ரத்து செய்தவர் இதே ஸாயிம். சட்டக் கல்லூரிகளில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க தீர்ப்பு அது. அதிபர் நாற்காலியில் அமர்ந்த பிறகு, அதே குறை பல மடங்காக நிறைந்திருந்த தாஹிரின் தீர்ப்பை அவர் ஒரே நாளில் உறுதி செய்துவிட்டார். தாஹிர் கருணை மனு கொடுக்க மறுத்துவிட்டார். மனைவி லுத்ஃபாவும் வழக்கறிஞர்களும் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை.

ஸாயிமைத் திட்டுவது எளிது. தலைக்கு மேல் துப்பாக்கி இருந்தது என்று அவர் பக்கமும் சொல்லலாம். உண்மையான அதிகாரம் அவரிடம் இல்லை என்பது அடுத்த ஆண்டு ஜியா அவர் இடத்தில் அமர்ந்தபோது தெளிவாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கையெழுத்து அவருடையதுதான்.

தாஹிரின் சகோதரர்களில் ஒருவரான யூசுஃபுக்கும் கட்சித் தலைவர் மேஜர் ஜலீலுக்கும் ஆயுள் தண்டனை. இன்னொரு சகோதரர் அன்வர் ஹுசைனுக்குப் பத்தாண்டு. தூக்குக்கு இரண்டு நாள் முன்பு குடும்பத்தினர் தாஹிரைச் சிறையில் பார்த்தார்கள். லுத்ஃபாவுக்கு அப்போது மூன்று சிறு பிள்ளைகள். தூக்குக்குப் பிறகு மையித் ஹெலிகாப்டரில் நேத்ரகோணா பகுதியில் உள்ள அவருடைய காஜ்லா கிராமத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கப்ருக்கும் இராணுவக் காவல் போடப்பட்டது.

தாஹிர் நல்லவரா?

இந்த இடத்தில் வாசகர் சிலருக்குக் கேள்வி எழும். இவர் மட்டும் என்ன, இராணுவத்தில் கலகம் செய்தவர்தானே என்று. நியாயமான கேள்வி. நவம்பர் 7 கிளர்ச்சியை நடத்தியதை தாஹிர் மறுக்கவே இல்லை, பெருமையாகவே சொன்னார். அந்த நாட்களில் சிப்பாய்களின் கையில் பல அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். காலித் முஷர்ரஃபும் கொல்லப்பட்டார். அவரும் விடுதலைப் போரில் காயம்பட்ட வீரர்தான். அவருக்கு எந்த விசாரணையும் கிடைக்கவில்லை, மோசமான விசாரணைகூட. அவர் மனைவி மக்களின் கண்ணீரும் கண்ணீர்தான். தாஹிரை மாசற்றவராகக் காட்டும் எழுத்துகள் வங்க மொழியில் நிறைய உண்டு. அந்தப் பாதையில் நமக்கு உடன்பாடில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடத்தானே விசாரணை? அந்தக் கொலைகளில் தாஹிரின் பங்கு என்ன, அவர் உத்தரவிட்டாரா, தடுக்க முயன்றாரா, ஜியாவுக்கு எவ்வளவு தெரியும், என்றெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் கேட்டிருந்தால் காலித் முஷர்ரஃபின் குடும்பத்துக்கும் உண்மை கிடைத்திருக்கும். இரகசியத் தீர்ப்பாயம் தாஹிரின் உரிமையை மட்டும் பறிக்கவில்லை, அவரால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களின் உரிமையையும் சேர்த்துப் புதைத்துவிட்டது.

நம் மார்க்க மரபில் இது புதிய விஷயமும் அல்ல. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டதைப் போலவே மறு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது மத்ரஸா பிள்ளைகளுக்கும் தெரியும். சந்தேகம் இருந்தால் தண்டனையைத் தவிர்ப்பது ஃபிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களைப் பற்றி ‘பாகீ’கள் என்ற தலைப்பில் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. அதன் பெரும் பகுதி ஜமல் போருக்குப் பிறகு அலீ (ரலி) நடந்துகொண்ட முறையை அடியொற்றியது: ஓடுகிறவரைத் துரத்த வேண்டாம், காயம்பட்டவரைக் கொல்ல வேண்டாம், கைதியைக் கொல்ல வேண்டாம் என்று அவர் உத்தரவிட்டார். அறிஞர்களிடையே விவரங்களில் கருத்து வேறுபாடு உண்டு. என்றாலும் கிளர்ச்சி செய்தவர் கையில் சிக்கிவிட்டால் அத்தோடு அவர் கதை முடிந்தது என்பது அந்தப் பாடத்தில் இல்லை. மரண தண்டனையே இருக்கலாமா கூடாதா என்பது தனி விவாதம். அது இருக்கலாம் என்று கருதுபவர்களும் இந்த விசாரணையை ஏற்க முடியாது.

சர்வதேசச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1976 மார்ச் 23-ல், தாஹிரின் விசாரணைக்கு மூன்று மாதம் முன்பு. சுதந்திரமான, சார்பற்ற நீதிமன்றம், தயாராக நேரம், மேல் நீதிமன்றத்தில் முறையிடும் உரிமை, மரண தண்டனை பெற்றவருக்குக் கருணை கேட்கும் உரிமை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. வங்கதேசம் அதில் இணைந்தது 2000-ல்தான்.

ஒரு சினிமா கொட்டகை திறந்த கதவு

உண்மை எப்படி வெளியே வந்தது? லாரன்ஸ் லிஃப்ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் விசாரணை தொடங்கிய நாளில் சிறை வாசலில் நின்று உள்ளே போகிறவர்களைக் குறிப்பெடுத்தார். அவரைப் பிடித்து நாட்டை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். தீர்ப்பாயத்தின் முன் தாஹிர் பேசிய வாக்குமூலம் இரகசியமாகச் சிறையிலிருந்து வெளியே கடத்தப்பட்டது. அடுத்த ஆண்டே, 1977 ஆகஸ்டில், மும்பையிலிருந்து வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் லிஃப்ஷுல்ட்ஸ் அதை வெளியிட்டார். வங்கதேசத்துக்குள் அதைப் பேச வழியில்லை. 1979-ல் அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் வந்து, 1975 ஆகஸ்ட் முதல் இராணுவச் சட்டத்தின் கீழ் செய்ததெல்லாம் செல்லும், எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று பூட்டுப் போட்டுவிட்டது.

அந்தப் பூட்டை உடைத்தது ஒரு சினிமா கொட்டகை என்றால் நம்ப முடிகிறதா? பழைய டாக்காவில் ‘மூன் சினிமா’ என்ற திரையரங்கின் உரிமை யாருக்கு என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. இராணுவச் சட்ட ஒழுங்குவிதி ஒன்று குறுக்கே நின்றதால், அந்த விதி செல்லுமா என்று நீதிமன்றம் ஆராய வேண்டி வந்தது. 2005-ல் உயர் நீதிமன்றம் ஐந்தாவது திருத்தமே செல்லாது என்றது. 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவும் அதன் அடிப்படையை உறுதி செய்தது. கதவு திறந்ததும் லுத்ஃபா, அன்வர் ஹுசைன், காலமான யூசுஃபின் மனைவி மூவரும் அந்த ஆண்டே மனுவுடன் உள்ளே நுழைந்தார்கள். அன்வர் ஹுசைன் அப்போது டாக்கா பல்கலைக்கழகப் பேராசிரியர்.

வழக்கின் ஆவணங்களைக் கொண்டு வாருங்கள் என்று நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அரசால் கொண்டுவர முடியவில்லை. ஒரு மனிதனைத் தூக்கிலிட்ட வழக்கின் ஆவணங்களே இல்லை! அதனால் நீதிமன்றம் உயிரோடு இருந்தவர்களைக் கூப்பிட்டது. ஐந்து நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்திருந்த மாஜிஸ்திரேட் வந்து சாட்சியம் சொன்னார். வெளியேற்றப்பட்ட லிஃப்ஷுல்ட்ஸ் 2011 மார்ச்சில் டாக்கா வந்து நீதிமன்றத்தில் நின்றார். வாசலில் நிற்கக்கூட விடாத வழக்கில், 35 ஆண்டு கழித்து அவரையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்திருந்தார்கள்.

தீர்ப்பாயம் அமைத்ததே சட்டவிரோதம், விசாரணை சட்டவிரோதம், தாஹிரைத் தியாகியாக மதிக்க வேண்டும், குடும்பங்களுக்கு இழப்பீடு தருவது பற்றி அரசு பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டியதில்லை. அது வந்தபோது ஆட்சியில் இருந்தது ஜியாவின் கட்சிக்கு ஜென்மப் பகையான அவாமி லீக். இறந்துபோய் 30 ஆண்டு ஆன ஜியாவைக் கொலைக்குக் காரணமானவராகத் தீர்ப்பு குறிப்பிட்டது. அவருக்காக வாதாட அங்கே யாரும் இல்லை. ஜியாவின் ஆதரவாளர்கள் இதை அரசியல் தீர்ப்பு என்று தள்ளினார்கள். சட்டக் குறைகள் பற்றி நீதிமன்றம் சொன்னவற்றை மறுக்க முடியாது என்பது நம் கருத்து. ஆனால் உண்மை காலத்தில் விசாரிக்கப்படாவிட்டால், பிறகு அது யார் ஆட்சியோ அவர்களின் நிறத்தை எடுத்துக்கொள்கிறது.

அந்த அவாமி லீக் ஆட்சி தானும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2009 பிப்ரவரியில் எல்லைக் காவல் படையினர் பில்கானாவில் கலகம் செய்து 57 இராணுவ அதிகாரிகள் உட்பட 74 பேரைக் கொன்றார்கள். கொடூரமான படுகொலை, தண்டிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் 2013 நவம்பர் 5-ல் நடந்ததைப் பாருங்கள். சாதாரண நீதிமன்றம்தான், திறந்த விசாரணைதான். என்றாலும் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை ஒரே வழக்கில் ஒன்றாக விசாரித்து, ஒரே நாளில் 152 பேருக்கு மரண தண்டனை. காவலில் சித்திரவதை நடந்ததாகவும் வழக்கறிஞரைப் பார்க்க முடியவில்லை என்றும் மனித உரிமை அமைப்புகள் சொல்லிக்கொண்டே இருந்தன. கொலை வழக்கில் விடுதலையான பலரும் வெடிபொருள் வழக்கு முடியவில்லை என்று சிறையிலேயே கிடந்தார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தது 2025 ஜனவரியில், ஹசீனா ஆட்சி கவிழ்ந்த பிறகு.

மன்சூரின் முறை

தாஹிருடன் எல்லை தாண்டிய மன்சூரை நினைவில் வைக்கச் சொல்லியிருந்தோம். 1981 மே 30-ல் அதிபர் ஜியாவுர் ரஹ்மான் சிட்டகாங்கில் இராணுவ அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அங்கே படைத் தளபதியாக இருந்தவர் மேஜர் ஜெனரல் மன்சூர். பழி அவர் மீது விழுந்தது. தப்பியோடியவர் காவல்துறையிடம் சரணடைந்தார். இராணுவத்தின் கைக்கு மாற்றப்பட்டதும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு இரகசிய விசாரணைகூட இல்லை. சதியில் சேர்ந்ததாக மற்ற அதிகாரிகள் சிட்டகாங் சிறைக்குள் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்கள். ஜூலையில் தொடங்கிய விசாரணை அந்த மாதமே முடிந்தது. செப்டம்பர் 23-ல் 12 பேர் தூக்கிலிடப்பட்டனர். காயத்திலிருந்து தேறிய 13-ஆமவர் பின்னர். பெரும்பாலும் விடுதலைப் போரில் நின்றவர்கள். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கியதாகக் குடும்பத்தினர் இன்றும் சொல்கிறார்கள். மன்சூர் கொலை வழக்கு 1995-ல் பதிவானது. முக்கியக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட முன்னாள் அதிபர் இர்ஷாத், தீர்ப்பு வராமலே 2019-ல் இறந்துபோனார்.

தாஹிரை விசாரித்த அதே முறையில்தான் ஜியாவின் மரணமும் விசாரிக்கப்பட்டது. அதனால் தம் தலைவரை உண்மையில் கொன்றது யார், கொல்லச் சொன்னது யார் என்பதை ஜியாவை நேசிக்கும் இலட்சக்கணக்கான மக்களாலும் உறுதியாக அறிய முடியாமல் போய்விட்டது.

உலகின் குரல் சில நேரம் கயிற்றை நிறுத்தியும் இருக்கிறது. 1995-ல் நைஜீரியாவின் இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா, தம்மைக் கவிழ்க்கச் சதி செய்ததாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இரகசிய இராணுவத் தீர்ப்பாயத்தில் நிறுத்தினார். ஜெனரல் ஷேஹு யாரதுவா உட்படப் பலருக்கு மரண தண்டனை. முன்னாள் அதிபர் ஒபசான்ஜோவுக்கு நீண்ட சிறை. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் மரண தண்டனைகள் குறைக்கப்பட்டன. யாரதுவா 1997-ல் சிறையிலேயே இறந்தார். அபாச்சா 1998-ல் இறந்ததும் விடுதலையான ஒபசான்ஜோ, மறு ஆண்டு தேர்தலில் வென்று அதே நாட்டின் அதிபரானார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் சூடானில் அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1990 ஏப்ரலில், ரமலானின் கடைசி நாட்களில், ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி என்று 28 இராணுவ அதிகாரிகள் கைது செய்யப்பட்டு, அவசர விசாரணை ஒன்றுக்குப் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெருநாள் வந்தபோது வீடுகளில் ஜனாஸா இல்லை, கப்ரு எங்கே என்ற தகவலும் இல்லை. ஆண்டுதோறும் அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். உமர் அல்-பஷீர் வீழ்ந்த பிறகு, 2020 ஜூலையில், உம்துர்மானில் ஒரு கூட்டுப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டதாகவும் அந்த அதிகாரிகளின் எலும்புகள் அதில் இருக்கலாம் என்றும் அரசுத் தரப்பு அறிவித்தது.

டாக்காவிலும் அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1977 செப்டம்பர் இறுதியில் ஜப்பானிய விமானம் ஒன்று கடத்தப்பட்டு டாக்காவில் இறக்கப்பட்டது. அரசு முழுவதும் அதில் மூழ்கியிருந்தபோது, அக்டோபர் 2 அதிகாலை சிப்பாய்களும் விமானப் படையினரும் கலகம் செய்தார்கள். விமான நிலையத்திலேயே விமானப் படை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். கலகம் அன்றே அடக்கப்பட்டது. அடுத்த வாரங்களில் இராணுவத் தீர்ப்பாயங்கள் கூட்டம் கூட்டமாக விசாரித்து, கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்டன. 1971 படுகொலைகளை உலகுக்குச் சொன்ன பத்திரிகையாளர் ஆண்டனி மஸ்கரேனஸ், இரண்டு மாதத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 1,143 பேர் என்று எழுதியிருக்கிறார். தாஹிருக்கு ஒரு பெயர் இருந்தது, பதக்கம் இருந்தது, பேராசிரியர் தம்பி இருந்தார், வெளிநாட்டுப் பத்திரிகையாளர் இருந்தார். இவர்களில் பெரும்பாலோர் சாதாரண சிப்பாய்கள், விமானப் படைத் தொழிலாளர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது ஆகிவிட்டது. அக்டோபர் மாதம் வரும்போது டாக்காவில் கூடுகிறார்கள். விசாரித்த ஆவணத்தைக் காட்டுங்கள், பட்டியலை வெளியிடுங்கள், வாப்பாவை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு ஜியாரத்தாவது செய்துகொள்கிறோம் என்று கேட்கிறார்கள்.